சீட்டில் இருப்பது உன் பேர்

தங்கச்சி, அந்தக் காகிதத்தை இன்னும் எத்தனை நாளைக்குப் பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் ஒளித்து வைக்கப் போகிறாய்?

நூறு தடவை எடுத்துப் பார்த்திருப்பாய். ஆங்கிலத்தில் ஏதேதோ எழுதி, கடைசியில் 'கார்சினோமா' என்று ஒரு சொல். வெள்ளைப்படுதல் அதிகமாக இருக்கிறது, மாதவிலக்கு முடிந்த பிறகும் கறை படுகிறது என்று சொல்லத்தான் போனாய். மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாய். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்ததும் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று தேதியும் குறித்தார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் பேசியது எதுவும் உன் காதில் ஏறவில்லை. உன் வீட்டுக்காரர் தலையாட்டினார். மாமியார் தெருவுக்கு "ஏதோ கட்டியாம்" என்று சொல்லி முடித்துவிட்டார். மீஞ்சூரில் ஷேர் ஆட்டோ பிடித்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புழுதி குடித்துக் காட்டுப்பள்ளிக்குத் திரும்பிய வழி முழுக்க உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

நீ யாரென்று எனக்குத் தெரியாது. குப்பத்தில் வலைக்காரர் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவளாக இருக்கலாம். பழவேற்காட்டு ஏரியில் வாயில் பறியைக் கடித்துக்கொண்டு, சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கிறவளாக இருக்கலாம். யாராக இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் போட்ட ஓ.பி. சீட்டை எடுத்துப் பார். அதில் உன் வீட்டுக்காரர் பேர் இல்லை. மாமியார் பேர் இல்லை. உன் பேர் இருக்கிறது. நோய் உன்னுடையது, உடம்பு உன்னுடையது, கத்தி படப்போவது உன் வயிற்றில். அப்படியானால் பேச வேண்டிய வாயும் உன்னுடையதுதான்!

பேசத் தெரியாதவளா நீ? 2023 டிசம்பரை மறந்துவிட்டாயா? மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆறும் எண்ணூர் முகத்துவாரமும் கறுத்துப்போனபோது, மக்கும் வாளியுமாக அந்தக் கறுப்பை அள்ளியவர்கள் இந்தக் கரையின் மக்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சு முட்டி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள் பெண்கள். ஓடியவர்கள் ஓடிய இடத்திலேயே நின்றுவிட்டார்களா? அந்தக் குழாயை வைத்திருந்த ஆலையின் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். போலீஸ், அதிகாரி, மைக் எதற்கும் அவர்கள் குரல் தாழவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கருக்கு விரிக்கும் திட்டம் வந்தபோதும் இந்தக் கரையோரப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஊர் உடம்புக்காக அத்தனை உரக்கப் பேசிய ஊரில் பிறந்தவள், தன் உடம்பைப் பற்றி ஒரு டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க ஏன் தலை குனிகிறாய்?

குனிய வைத்தது எது என்று எனக்குத் தெரியும். நோய் இருக்கிற இடம். மார்வலி என்றால் ஊரே வந்து பார்க்கும். கர்ப்பப்பை வாய் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சாத்தினோம். என் பெரியம்மாவுக்கு வந்தபோது "அவளுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டாள்" என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, அழைத்துப்போனபோதுகூட "வயித்துப்புண்ணுக்கு" என்றார்கள். அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடமிருந்து அவள் தன் நோயைத் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டதையும் எங்களிடம் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்; அவளுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்தோம். கடைசிவரை இரண்டு தரப்பும் நடித்தோம். அந்த நடிப்பில் அவள் கேட்க நினைத்த கேள்விகள், சொல்ல நினைத்த ஆசைகள் எல்லாம் போயின. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பாசத்தினால் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பாசத்தினால் செய்தாலும் கொடுமை கொடுமைதான்.

இது நம் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. 1951ஐ எடுத்துக்கொள். தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டு அதிபரின் மனைவி ஏவா பெரோன். லட்சக்கணக்கானவர்கள் தெய்வமாகக் கொண்டாடிய பெண். அவளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அந்த நவம்பரில் அமெரிக்காவிலிருந்து ஜார்ஜ் பேக் என்ற அறுவை நிபுணரை ரகசியமாக வரவழைத்து அறுவை செய்தார்கள். அவளை மயக்கத்தில் ஆழ்த்திய பிறகுதான் அவர் அறைக்குள் வந்தார். நோய் என்னவென்று அவளிடம் சொல்லவில்லை. 1952 ஜூலை 26இல், 33 வயதில் இறந்தாள். அதே 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற ஐந்து பிள்ளைகளின் தாய், ஏழைக் கறுப்பினப் பெண், இதே நோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவள் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் சோதனைக்கூடத்தில் சாகாமல் வளர்ந்துகொண்டே இருந்தன. 'ஹீலா' என்ற பெயரில் உலகமெங்கும் ஆராய்ச்சிக்குப் போயின, இன்றும் போகின்றன. எடுக்கும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அக்டோபரில் 31 வயதில் அவள் போனாள். ஒருத்தி நாட்டுக்கே ராணி மாதிரி, ஒருத்தி கூலிக்காரி மாதிரி. ஒருத்தியிடம் நோயைச் சொல்லவில்லை, மற்றவளிடம் அனுமதி கேட்கவில்லை. பெண்ணின் அடிவயிறு என்று வந்துவிட்டால் பணமும் பதவியும்கூட அவளுக்கு வாய் வாங்கித் தருவதில்லை. அவளேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொள்! முதலில் நோயின் பேரைச் சொல். கண்ணாடி முன்னால் நின்று சொல். "எனக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்." கட்டி என்று சொல்லாதே, புண் என்று சொல்லாதே. குரல் நடுங்கினால் நடுங்கட்டும், அழுகை வந்தால் அழு. இரண்டாம் தடவை சொல்லும்போது நடுக்கம் குறையும்.

அடுத்து அந்த நச்சுப் பேச்சுக்கு வருகிறேன். ராத்திரி தூக்கம் வராமல் நீ கணக்குப் பார்க்கிறாய் இல்லையா? என்ன பாவம் செய்தேன், எந்தக் கோயிலுக்கு நேர்ந்து செய்யாமல் விட்டேன், யார் கண் பட்டது என்று. தெருவில் ஒருத்தி இன்னும் கேவலமாக ஒன்றைக் கிசுகிசுப்பாள்: "அந்த நோய் அப்படிப்பட்டவங்களுக்குத்தான் வருமாம்." அவளுக்குப் பதில் சொல்ல உனக்கு அறிவு வேண்டும், கேட்டுக்கொள். இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் அது எச்.பி.வி. என்ற வைரஸால்தான் வருகிறது. அதைக் கண்டறிந்து காட்டியதற்காக ஹாரால்ட் சுர் ஹவுசன் என்ற ஜெர்மானிய அறிஞருக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உடலுறவு என்ற ஒன்று வாழ்க்கையில் உண்டான ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏதாவது ஒரு காலத்தில் இந்த வைரஸ் ஒட்டுவது மிகச் சாதாரணம். ஒரே புருஷனோடு வாழ்ந்தவளுக்கும் ஒட்டும். பெரும்பாலோருக்கு உடம்பே அதை ஓரிரு வருஷத்தில் விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, பத்துப் பதினைந்து இருபது வருஷம் மெல்ல மெல்ல வேலை செய்து புற்றாகிறது. இன்று உன் ரிப்போர்ட்டில் இருக்கிற சொல்லின் விதை நீ கல்யாணமாகி வந்த புதிதில் விழுந்ததாக இருக்கலாம். அதற்கு யாரை ஜெயிலில் போடுவாய்? சளி பிடித்தவளிடம் ஒழுக்கச் சான்றிதழ் கேட்போமா? கேட்கிறவள் வாயை அடை. முடியாவிட்டால் உன் காதை அடை.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் ஆலைப்புகையும்தான் இந்த நோயைக் கொண்டுவந்தது என்று உன் அண்ணன் சொல்லலாம். அந்தச் சாம்பலுக்கு எதிராக அவர் பேசட்டும், நானும் கூட நிற்பேன். மூச்சுக்கும் மண்ணுக்கும் அது செய்கிற கேடு வேறு வழக்கு. உன் நோய்க்கு மூலம் அந்த வைரஸ். இரண்டையும் குழப்பினால் அந்த வைரஸுக்கு எதிராக உன் மகளுக்குப் போட வேண்டிய தடுப்பூசியை மறந்துவிடுவோம். அதனால்தான் சொல்கிறேன்.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். உன் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருப்பது அதுதானே?

கர்ப்பப்பையை எடுக்கிறார்கள் என்றதும் கதை முடிந்தது என்று நீ புரிந்துகொண்டாய். தலைகீழாகப் புரிந்துகொண்டாய்! இந்த நோயில் அறுவையே முதல் சிகிச்சையாகப் பெரும்பாலும் யாருக்குச் செய்கிறார்கள் தெரியுமா? நோய் கருப்பை வாயை விட்டு வெளியே பரவாமல், கட்டி சிறியதாக இருக்கிறவர்களுக்கு. பரவிவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் கத்தி வைப்பதில்லை. கரண்டும் கீமோவும்தான் வழி. உனக்குத் தேதி குறித்திருக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் நீ நேரத்தோடு வந்து சேர்ந்திருக்கிறாய் என்று அர்த்தம். பரவாத நிலையிலேயே கண்டுபிடித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்து வருஷம் தாண்டியும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறது அமெரிக்கக் கணக்கு. உன் நிலை எது என்று உன் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதைத்தான் நீ முதலில் கேட்க வேண்டும்.

"தேவையில்லாமலே கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்களாமே" என்று யாரோ பயமுறுத்துவார்கள். அது பொய்யில்லை. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப்போகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை இழந்திருந்த செய்தி 2019இல் நாட்டையே உலுக்கியது. மாதவிலக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்ற நிலைமையில் அது நடந்தது. அந்தக் கோபம் நியாயமானது. உன் கதை வேறு. உன் சதையைப் பரிசோதித்து, புற்று என்று எழுத்தில் கொடுத்த பிறகு செய்கிற அறுவை இது. சந்தேகம் இருந்தால் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேள். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதே. நகைக்கடையில் நாலு கடை ஏறி இறங்குகிறோம், இது உயிர். ஆனால் கேட்கிறேன் கேட்கிறேன் என்று மாசக்கணக்கில் இழுக்காதே. நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் போகவே போகாதே!

நோட்டு ஒன்று வாங்கு. பிள்ளையின் பழைய நோட்டில் பின்பக்கம் காலியாக இருந்தாலும் போதும். அதில் எழுது. எந்த ஸ்டேஜ்? எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாகிவிட்டதா? கர்ப்பப்பை மட்டுமா, சுற்றியுள்ள சதையும் நெறிக்கட்டிகளும் சேர்த்தா? சினைப்பையை விட்டுவைக்க முடியுமா? இந்தக் கேள்வி மிக முக்கியம். வயது குறைவானவளுக்குச் சினைப்பையை விட்டுவைத்தால் ஹார்மோன் நிற்காது. மாதவிலக்கு வராதே தவிர, உடம்பு ஒரே நாளில் கிழடு தட்டிவிடாது. இன்னும் பிள்ளை பெறாதவளாக இருந்தால் அறுவைக்கு முன்பே வாய் திறந்து சொல். சிலருக்குக் கருப்பை வாயை மட்டும் நீக்கிக் கருப்பையைக் காப்பாற்றும் அறுவையும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் கேட்காதவளுக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

அப்புறம் வயிற்றைத் திறந்து செய்வதா, துளை போட்டுச் செய்வதா என்று கேள். துளை போட்டால் தழும்பு சின்னது, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம், அதுதான் உயர்ந்தது என்று பலரும் நினைக்கிறோம். 2018இல் பல நாடுகளில் 631 பெண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. ஆரம்பநிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றில் பெரிய அறுவையைத் துளை வழியாகச் செய்தவர்களில் நாலரை வருஷத்தில் நூற்றுக்கு 86 பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96 பேருக்கு மேல். உலகமெங்கும் டாக்டர்கள் நின்று யோசித்தார்கள். ஆகவே உன் வயிற்றில் நீளமாக ஒரு வெட்டு விழுந்தால் ஏழை என்று பழைய முறையில் அறுத்துவிட்டார்கள் என்று குமுறாதே. அந்த நீள வெட்டு உனக்கு ஆயுள் கூட்ட வந்ததாக இருக்கலாம். எதைச் செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்.

இந்த ஊரில், இந்த மாநிலத்தில், நோய்க்கு எதிராக முன்னே நின்றவர்களில் பலரும் பெண்கள். உனக்கு முன்னால் நடந்து பாதை போட்டிருக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய்க்காரர் எப்படியும் சாகப்போகிறவர், அவருக்கென்று ஆஸ்பத்திரி எதற்கு என்று படித்தவர்களே நினைத்த காலம் அது. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் நின்று பேசிய அந்த அம்மாள் இதற்கும் மசியவில்லை. 1952இல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. அடுத்த வருஷம் வி. சாந்தா என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். அரசு வேலை கையில் இருந்தும் விட்டுவிட்டு வந்தவர். 2021 ஜனவரியில் கண்மூடும்வரை அந்த வளாகமே அவர் வீடு. அவர் வந்து சேர்ந்த காலத்தில் சென்னையில் பெண்களுக்கு வந்த புற்றுநோய்களில் முதலிடம் உன் நோய்க்குத்தான். அந்த அம்மாக்கள் எத்தனை ஆயிரம் பெண்களின் கையைப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்.

திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள் செய்ததையும் கேள். 2000ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்கு ஊர் ஊராகப் போய்ச் சோதனை செய்தார்கள். அம்பிளிக்கை கிறிஸ்தவ ஆஸ்பத்திரியும் அடையாறு புற்றுநோய் நிலையமும் சேர்ந்து செய்த வேலை. பெரிய இயந்திரம் ஒன்றும் கிடையாது. காடி தெரியும் அல்லவா, வினிகர்? அதில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து கருப்பை வாயில் தடவுவார்கள். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்சுகள் கண்ணால் பார்த்தே சொன்னார்கள். ஏழு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007இல் லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கூலிக்காரப் பெண்கள் கூச்சத்தை ஒதுக்கிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார்கள். அவர்கள் அப்படிப் படுத்ததால் உலகம் ஒரு பாடம் படித்தது. கூச்சம் பெரிதா, அவர்கள் தைரியம் பெரிதா?

பணத்துக்கு வருகிறேன். பணத்தைப் பற்றிய பயம்தான் பாதிப் பெண்களை வீட்டிலேயே உட்கார வைக்கிறது. தாலியை அடகு வைக்க ஓடாதே, பொறு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பார். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அட்டை இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு போய்ப் பதிவு செய். நீயோ உன் வீட்டுக்காரரோ சிப்காட்டிலோ துறைமுகத்திலோ கான்ட்ராக்ட் வேலை செய்தாலும் சம்பளச் சீட்டை எடுத்துப் பார். அதில் ஈ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா? பிடித்தால் குடும்பத்துக்கே சிகிச்சை உரிமை உண்டு. வேலை செய்கிறவள் நீயே என்றால் அதோடு முடியவில்லை. விடுப்பு எடுத்தால் கூலி போகும் என்று பயப்படுகிறாயே, புற்றுநோய் ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து, அந்தக் காலத்தில் குறைந்தது 156 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு 80 சதவீதக் கூலி, இரண்டு வருஷம் வரைக்கும். உன் சம்பளத்திலிருந்து பிடித்த காசு அது. யாரும் தருகிற பிச்சை இல்லை. மேஸ்திரி "அதெல்லாம் உனக்கு வராது" என்றால் நம்பாதே, ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கே போய்க் கேள்.

இனி உன் வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை. அண்ணே, நீங்கள் தலையாட்டியது அன்பினால் என்று எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் சொன்னதை வீட்டுக்கு வந்து அவளிடம் அப்படியே சொல்லுங்கள். வடிகட்டாதீர்கள். அறுவை முடிந்து வரும்போது சிறுநீர்க் குழாய் சில நாட்களுக்கு, சிலருக்கு வாரக்கணக்கில், மாட்டியிருக்கும். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் நடக்கும்போது நீங்கள் கூட நடங்கள். ஆறு வாரத்துக்காவது அவள் குடம் தூக்கக் கூடாது, கேஸ் சிலிண்டரை நகர்த்தக் கூடாது, மீன் கூடையைத் தலையில் வைக்கக் கூடாது. குடத்தை நீங்கள் தூக்கினால் ஆம்பளைத்தனம் குறையாது. உறவுக்கு டாக்டர் சொல்லும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகும் அவளுக்கு முன்புபோல் இல்லாமல் வலிக்கலாம், உலர்ந்துபோகலாம். பெண்ணுறுப்பின் உள்ளே மேல்பகுதி கொஞ்சம் குறைந்திருக்கும். அதற்கும் மருந்தும் வழியும் உண்டு, டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்கலாம். உங்களுக்கு நோய் ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் விரட்டிவிடுங்கள். புற்றுநோய் ஒட்டாது.

தங்கச்சி, நீ உள்ளுக்குள் வைத்துக்கொண்டு சொல்லாத அந்தக் கடைசிப் பயத்தை நான் சொல்லட்டுமா? கர்ப்பப்பை போனால் நான் பொம்பளையா என்பதுதானே அது. நம் ஊர் வசவுகளிலேயே அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். கேட்கிறேன், நீ வலை பின்னும்போது கர்ப்பப்பையாலா பின்னினாய்? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்து, ஷிப்டுக்கு ஓடி, பிள்ளைக்கு டியூஷன் பணம் கட்டி, கடன்காரனிடம் மல்லுக்கு நின்றாயே, அதெல்லாம் எந்த உறுப்பு செய்தது? பிள்ளை சுமந்து முடித்த ஒரு பை இன்று உன் உயிருக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. அதற்கு நன்றி சொல்லி அனுப்பி வை. அழத் தோன்றினால் அதற்காக அழு, அதிலும் தப்பில்லை. பத்து மாதம் பிள்ளை உறங்கிய வீடு அது. துக்கம் இருக்கத்தான் செய்யும். துக்கப்படு, ஆனால் கட்டிலில் ஏறு.

ஏறி இறங்கி வந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. உன் மகள், உன் அக்கா மகள், எதிர்வீட்டுப் பெண் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வை. முப்பது தாண்டியவர்களைக் காடி தடவிப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு அனுப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள். வயிறு வலித்தால் போகலாம் என்று நினைக்கிறார்கள் நம் பெண்கள். இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது, அதுதான் இதன் சூது. சின்னப் பெண்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இருக்கிறது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அதை அரசே போடுவதற்கு 2025-26 தமிழக பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். பள்ளியில் விசாரி, நர்சம்மாவிடம் விசாரி. இந்த நாட்டில் 2022இல் மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய் கண்டது என்கிறது உலகப் புற்றுநோய்க் கணக்கு. அந்த வரிசையில் உன் மகள் நிற்க வேண்டாம். நீ வாய் திறந்தால் அவள் நிற்க மாட்டாள். ஏதோ கட்டியாம் என்று நீயும் சொல்லிவிட்டால், எந்தக் கட்டி என்று தெரியாமல் அவளும் இருபது வருஷம் கழித்து இதே காகிதத்தைப் பீரோவில் ஒளிப்பாள்.

ஆகவே எழுந்திரு. அந்தக் காகிதத்தைப் புடவை மடிப்பிலிருந்து வெளியே எடு. பிளாஸ்டிக் கவரில் போடு. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, காப்பீட்டு அட்டை எல்லாம் அதே கவரில். நோட்டையும் பேனாவையும் பையில் வை. அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடி. கூட்டத்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் உட்கார், கிடைக்காவிட்டால் கேட்டு வாங்கி உட்கார். எண்ணூர் தாண்டும்போது கடல் காற்று வரும், நன்றாக இழுத்து மூச்சு விடு. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு நிறையப் பெண்கள் இருப்பார்கள், உன்னைப்போலவே மடியில் கவரை வைத்துக்கொண்டு. பக்கத்தில் இருப்பவளிடம் பேசு. எந்த ஊர் என்று கேள்.

உன் பேரைக் கூப்பிடுவார்கள். பழக்கத்தில் உன் வீட்டுக்காரர் முதலில் எழுந்திருப்பார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நீ எழு. டாக்டருக்கு எதிரே இருக்கிற நாற்காலியில் நீ உட்கார், அவர் உன் பின்னால் நிற்கட்டும். நோட்டைப் பிரித்து மேஜைமேல் வை.

"டாக்டரம்மா, நான்தான் பேஷன்ட். எனக்கு எந்த ஸ்டேஜ்?"